புற்றுக்குப் படியளந்தவர்

ஆய்வுக்கூடத்தின் மேல்மாடியில், கழிப்பறையை அடுத்த கடைசி அறையில், நேரம் தவறாமல் சாப்பிடும் ஒரு கூட்டம் குடியிருந்தது. யாருடைய வயிற்றிலிருந்தோ, யாருடைய மார்பிலிருந்தோ எடுத்து வந்த புற்றுச்செல்கள். உடையவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செல்கள் மட்டும் பெட்டிக்குள் உடம்புச் சூட்டில் சொகுசாக இருந்தன. அவற்றுக்கு ஆகாரம் கலந்து ஊற்றுவதற்கென்றே ஒருவர் சம்பளத்துக்கு இருந்தார். உலகத்து உயிர்களுக்கெல்லாம் படியளக்கிறவர் மேலே இருக்கிறார் என்று நாம் நம்புகிறோம். அந்த அறையின் உயிர்களுக்கு இவர். அதனால் கூடத்தில் அவருக்குப் 'படியளப்பவர்' என்று பெயர் விழுந்தது. கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

ஆகாரம் என்றால் லேசுப்பட்ட ஆகாரம் இல்லை. இளஞ்சிவப்பாக ஒரு நீர். அதில் சர்க்கரை, உப்பு, வைட்டமின், போதாததற்குப் பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து வடித்த சீரம். செல்கள் தின்று தீர்த்துக் கழிவை விட விட, அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். மஞ்சள் என்றால் பசி. அந்த மஞ்சளைக் கண்டால் படியளப்பவருக்கு இருப்புக்கொள்ளாது. பழைய நீரை உறிஞ்சியெடுத்து, புதியதை இளஞ்சூட்டில் வைத்து, செல்களின் தலையில் நேராக விழாதபடி குடுவையைச் சாய்த்து ஓரமாக ஊற்றுவார். பெற்ற தாய்கூடப் பால் புகட்டும்போது அவ்வளவு பதவிசாக இருந்திருக்க மாட்டாள்.

"குடிங்க, குடிங்க. அவசரமில்ல. நிறைய இருக்கு" என்பார்.

உறவில் கல்யாணமோ சாவோ எது நடந்தாலும் பாதியில் எழுந்துவிடுவார். "பிள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்பார். அவருக்கென்று பிள்ளைகள் கிடையாது. அதனால் கேட்டவர்கள் உச்சுக்கொட்டி வழிவிட்டார்கள்.

இந்தப் பதவி அவருக்குத் தானாக வந்து சேரவில்லை. அக்கா வாங்கிக் கொடுத்தது. அக்கா பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவனை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "சட்டைக்குள்ள கழுத்தை இழுத்துக்கிட்டு நிக்குற ஆமை அண்ணாச்சி, எங்க போகணும்?" என்று அவள் குரல் கொடுத்தால் முன்படிக்கட்டில் நிற்பவன் கூடப் பையைத் தடவுவான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபின் தம்பியை வளர்த்தது அவள்தான். கல்யாணமான கொஞ்ச காலத்தில் புருஷன் போய்விட, தன்னோடு சேர்த்து இன்னொரு வயிற்றைக் கழுவுவது அவளுக்குத் துணையாகக்கூட இருந்தது. தம்பி எழுதிய பரீட்சைகள் எல்லாம் அவரைக் கைவிட்டன. அக்காவின் பஸ்ஸில் தினமும் ஆய்வுக்கூடத்து மேனேஜர் ஒருவர் வருவார். அவருக்கென்று ஜன்னலோர சீட்டில் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்துவைத்து, ஒருநாள் அந்தத் துண்டை எடுக்காமலே கேட்டாள்: "சார், எங்க தம்பி ஒருத்தன் இருக்கான். படிப்பு ஏறல. கை சுத்தம். ஒரு வழி பண்ணுங்க, துண்டை எடுத்துடறேன்."

அப்படி வந்த வேலை. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அக்கா ஒரு சின்ன வீடு கட்டினாள். தம்பியையும் தம்பி மனைவியையும் முன்னறையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தான் பின்னறைக்குப் போனாள். "எனக்கு எதுக்கு ஜன்னல்? வாழ்க்கை பூரா ஜன்னலைப் பாத்தாச்சு" என்றாள். தம்பி எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. மூத்தவர் சொல்லைத் தட்டாதவர்.

அக்காவுக்குச் சாப்பாட்டில் ஒரு பக்தி உண்டு. எந்த நிறுத்தத்தில் எந்தக் கடை, எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எது சூடாக இறங்கும் என்பதெல்லாம் பஸ் தடத்தோடு சேர்த்து மனப்பாடம். ஒரு ரொட்டியைச் சாப்பிட்டால்கூட கடைசித் துணுக்கை விரல் நுனியில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் தட்டை விடுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் சாப்பாடு இறங்க மறுத்தது. வயிற்றில் ஒரு பக்கம் கல் மாதிரி எதுவோ தட்டுப்பட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அக்காவைப் பக்கத்து அறைக்கு ரத்தம் எடுக்க அனுப்பியிருந்தார்கள். தம்பி மட்டும் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"பெருங்குடல்ல கட்டி. கொஞ்ச நாள் மருந்து ஏத்திச் சுருக்கிட்டு அறுத்து எடுத்துடலாம். பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ஒண்ணு, எடை குறையக் கூடாது. முட்டை, பால், சோறு, இனிப்பு, எது உள்ள இறங்குதோ அதைக் குடுங்க. எடை விழுந்துச்சுன்னா நான் கத்தி எடுக்க மாட்டேன். தையல் ஆறாது. ஆள் தாங்க மாட்டாங்க."

"இனிப்புமா டாக்டர்?"

"இனிப்பும்தான்."

"இல்ல டாக்டர், நான் புற்றுலயே வேலை பாக்குறவன்."

"ரொம்ப சந்தோஷம். அப்ப சொன்னது சீக்கிரம் புரிஞ்சிருக்கும்" என்று டாக்டர் அடுத்த படத்தை எடுத்தார்.

படியளப்பவர் வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு பரிதாபச் சிரிப்பு இருந்தது. பரிதாபம் டாக்டர் மேல். பாவம், அவருக்கு உடம்பு தெரியும், புற்று தெரியுமா? அதன் மூக்கும் முழியும் பார்த்தவரா, அதற்குப் பசித்தால் என்ன நிறம் என்று அறிந்தவரா? போன வாரம்தான் கூடத்தில் ஒரு சோதனை நடந்திருந்தது. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் அவளைக் 'குட்டி டாக்டர்' என்பார்கள். அவள் கேட்டதற்காக இவரே சர்க்கரை இல்லாத ஆகாரம் கலந்து ஒரு வரிசைத் தட்டுகளில் ஊற்றினார். மனம் கேட்காமல்தான் ஊற்றினார். சில நாளில் அந்தத் தட்டுகளில் செல்கள் பிடி விட்டுத் தூசி மாதிரி மிதந்தன. பக்கத்து வரிசையில் சர்க்கரை குடித்தவை கொழுகொழுவென்று இருந்தன. சர்க்கரையை நிறுத்தினார், புற்று செத்தது. கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ரத்தம் கொடுத்த கையை மடக்கியபடி அக்கா வந்தாள். "என்னடா சொல்றாரு?"

"பொழைச்சுக்கலாம்ங்கிறாரு. சாப்பாட்டுல மட்டும் கண்டிப்பா இருக்கச் சொன்னாரு."

அறுவை டாக்டரின் வாக்கியம் ஆஸ்பத்திரி நடைபாதையைத் தாண்டுவதற்குள் இப்படித்தான் தலைகீழானது. பொய் சொன்னதாகப் படியளப்பவருக்குத் தோன்றவில்லை. ஒரு பிழையைத் திருத்தியதாகத்தான் தோன்றியது.

அன்று தொடங்கிய வைத்தியத்தை என்னவென்று வருணிப்பது! அரிசி, கோதுமை, பால், பழம், கிழங்கு எல்லாம் விலக்கப்பட்டன. உப்பில்லாமல் வேகவைத்த கீரை, வெள்ளரி, வெந்நீர். ஆட்டத்தில் முட்டை ஒருவாரம் தாக்குப்பிடித்தது. 'அதுவும் ஒரு கருதானே, கரு வளர்க்கிற எதுவும் கட்டியை வளர்க்கும்' என்று தர்க்கம் கண்டு அதையும் வெளியேற்றினார். வீட்டிலிருந்த சர்க்கரை, ஜாம், பிஸ்கட், கேக் ஆகியவற்றை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நோயாளியின் கைக்கு எட்டக்கூடாது. எறியவும் மனம் வரவில்லை. எனவே கணவனும் மனைவியும் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவின் நலனுக்காகத் தின்று தீர்த்தார்கள். தீரத் தீர வேறு வாங்கி வந்து அதையும் தீர்த்தார்கள். அந்தத் தியாகத்தில் தம்பி மனைவிக்குக் கன்னம் வைத்தது.

அலமாரிச் சாவி அவள் இடுப்பில் ஏறியது.

"அண்ணி, எனக்கென்ன ஆசையா? உங்க தம்பி சொல்றாரு, நான் செய்றேன். உங்களுக்குக் குடுக்கலேன்னா எனக்கு நெஞ்சு அடைக்குது" என்று அவள் உதட்டோரத்து ஜாமைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நெஞ்சடைச்சா தண்ணி குடிம்மா. கேக்கு கொஞ்சம் கெட்டியா இருந்திருக்கும்" என்றாள் அக்கா.

ஆனால் அவள் எதிர்க்கவில்லை. கொடுமையே அதுதான். போன் செய்து விசாரித்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். "எனக்கென்ன கவலை? தம்பி அங்கேயே வேலை பாக்குறான். புற்றை மடியில வச்சு வளக்குறவன். அவனுக்குத் தெரியாத மர்மமா?" தான் துண்டு போட்டுப் பிடித்துக் கொடுத்த வேலை தன் உயிரையே காக்க வந்திருக்கிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு நிறைவு. கீரையை அந்தப் பெருமையைத் தொட்டுக்கொண்டு விழுங்கினாள்.

செய்தி உறவெல்லாம் பரவியது. பரீட்சை எதிலும் தேறாதவர் என்று அதுவரை ஓரமாக உட்காரவைக்கப்பட்டவரைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சித்தப்பா வந்தார், சித்தப்பாவின் சம்பந்தி வந்தார். முன்னறையில் நாற்காலி போதவில்லை. "புற்றுங்கிறது வேற ஒண்ணும் இல்ல, பசி. பசியைக் கொன்னா புற்றைக் கொன்ன மாதிரி" என்று படியளப்பவர் காலை ஆட்டிக்கொண்டே சொல்வார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. அந்த ருசி சர்க்கரையைவிடப் பொல்லாதது. ஒரு தடவை நாக்கில் பட்டால் பட்டதுதான்.

மருந்து ஏறிய வாரங்களில் அக்கா கரைந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர், மனைவியை இழந்தவர், மாடியறையைப் பூட்டிப்போட்டுவிட்டுக் கீழே மெஷினோடு வாழ்ந்தவர். அவரிடம் ரவிக்கைகளைப் பிடிக்கக் கொடுத்தாள். பிடித்ததையே மறுபடி பிடிக்கக் கொண்டுபோனாள்.

"இனிமே பிடிக்கத் துணியில இடமில்லம்மா" என்றார் அவர், வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. "ரெண்டு கையும் ஒரே கைக்குள்ள போயிடும் போல இருக்கு."

அளவெடுக்க வரும் குழந்தைகள் நெளியாமல் நிற்பதற்காக அவர் ஒரு மிட்டாய் டப்பா வைத்திருந்தார். அக்கா அந்த டப்பாவைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் மூடியைத் திறந்து நீட்டினார்.

அதற்குப் பின் அவள் நடத்தை மாறிவிட்டது என்பதைப் படியளப்பவர் மிகுந்த வருத்தத்துடன் கவனித்தார். உடம்பு நகர்வதில்லை, கண் மட்டும் எல்லா மூலையையும் அளந்தது. இருமல் மருந்துக் குப்பி இருமல் இல்லாமலே காலியானது. பற்பசை, அதன் தித்திப்புக்காக, வேகமாகக் குறைந்தது. மாடத்தில் குருவிகளுக்குப் போட்ட ரொட்டித் துண்டுகள் குருவி வருமுன்னே மறைந்தன. அவர்கள் சாப்பிட்ட தட்டுகள் கழுவுமிடத்துக்குப் போவதற்குள் துடைத்துவிட்டது போல் இருந்தன. பஸ்ஸில் ஒரு டிக்கெட்டுக்கு ஊரைக் கூட்டியவள், இப்போது கள்ளப் பிரயாணி மாதிரி சுவரோரமாக நடந்தாள்.

ஒருநாள் தலையணை உறைக்குள் மிட்டாய்க் காகிதங்கள் அகப்பட்டன. முன்னறையில் விசாரணை நடந்தது.

"என்னக்கா இது?"

"காகிதம்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"அது போயிடுச்சு. இருந்தா உனக்கும் ஒண்ணு குடுத்திருப்பேன்."

"நான் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பட்டினி போடுறேன்! நீ அதுக்குக் கள்ளத்தனமா தீனி போடுறியே!"

அக்கா தலை குனிந்தாள். "தப்புதாண்டா. வாய் கேக்கல. இனிமே இல்ல" என்றாள். தையல்காரரிடம் போகக்கூடாது என்று தீர்ப்பானது.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நாள் நெருங்கியது. முள் காட்டிக்கொடுத்துவிடுமே என்ற கவலை படியளப்பவருக்கு. புற்று சாகும் தறுவாயில் டாக்டர் குறுக்கே விழுந்து கெடுத்துவிடுவார். தொழில் கைகொடுத்தது. கூடத்தில் குடுவைகளைச் சுடுநீர்த் தொட்டியில் வைக்கும்போது மிதக்காமல் இருக்கக் கழுத்தில் ஈய வளையங்களை மாட்டுவார்கள். அவற்றில் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். துணியில் கோத்து அக்காவின் இடுப்பில் சேலைக்கு உள்ளே கட்டச் சொன்னார்.

"எதுக்குடா இந்தச் சுமை?"

"ஆஸ்பத்திரி பூரா கதிர் அடிக்குதுக்கா. படம் எடுக்கிற ரூம்ல இருந்து கசியும். ஈயம்தான் தடுக்கும். எங்க லேப்ல இதெல்லாம் சகஜம்."

அவள் நம்பினாள். ஈயத்தோடு ஏறி நின்றாள். எடை குறையவில்லை என்று நர்ஸ் எழுதினாள். மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் போடுவார்கள். எனவே ஈயத்துக்கும் சேர்த்து அவள் நரம்பில் மருந்து ஏறியது. ஒரு வாரம் வாந்தி நிற்கவில்லை. வாந்தியெடுக்க உள்ளே எதுவும் இல்லாததால் அது வெறும் ஓசையாக இருந்தது.

"புற்று கத்துது. தோக்குற நேரத்துல அப்படித்தான் கத்தும்" என்று முன்னறையில் விளக்கம் சொன்னார் படியளப்பவர்.

அந்த வாரம் கூடத்தில் குட்டி டாக்டர் அவரை மைக்ரோஸ்கோப்புக்கு அழைத்தாள். தட்டில் பரப்பாமல், உருண்டையாக வளர்த்த செல்கள். உடம்பில் இருக்கும் கட்டியைப் போலவே. அந்த உருண்டையைக் கூழ் மாதிரி ஒரு பொருளில் பதித்து வைத்திருந்தாள்.

"பாருங்கண்ணா. வெளிப்பக்கம் இருக்கிறதுக்கு நீங்க ஊத்துற சாப்பாடு கிடைக்குது. அது பாட்டுக்குத் தின்னுட்டுப் பெருகுது. நடுவுல இருக்கிறதுக்கு எதுவும் போய்ச் சேராது. நிஜக் கட்டியிலயும் இப்படித்தான், ரத்தக்குழாய்க்குத் தள்ளி இருக்கிறது எல்லாம் பட்டினி."

"செத்துடும்ல?"

"கொஞ்சம் சாகும். சாகாததுதான் ஆபத்து. அது பெருகுறதை நிறுத்திட்டுச் சும்மா கிடக்கும். நம்ம மருந்து பெருகுற செல்லைத்தான் தேடி அடிக்கும், கிடக்கிறதை விட்டுடும். பக்கத்துல செத்ததைத் தின்னும், சிந்தினதை உறிஞ்சும், தன்னையே கூடக் கொஞ்சம் தின்னுக்கும். அப்புறம்..." அவள் குமிழைத் திருகினாள். உருண்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு, விரல் நீட்டினாற்போலச் சில செல்கள் கூழுக்குள் ஊர்ந்து போயிருந்தன. "அப்புறம் கிளம்பிடும். வேற இடம் தேடி."

படியளப்பவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "திருடித் தின்னுமா?" என்றார் ஏதோ ஞாபகத்தில்.

"அப்படியும் சொல்லலாம்."

"ஆனா தட்டுல செத்துச்சே மேடம். என் கையாலதானே ஊத்தினேன்."

"தட்டு வேற, ஆள் வேற அண்ணா. தட்டுல சர்க்கரையை நிறுத்தினா நின்னுடும். ஆள் சாப்பிடலேன்னா ரத்தத்துல சர்க்கரை நிக்காது. உடம்பு தன் சதையைக் கரைச்சு ஊத்தும். கட்டிக்குப் போற பங்கு போய்க்கிட்டே இருக்கும். இளைக்கிறது ஆளு, கட்டி இல்ல." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்ணா கேக்குறீங்க? வீட்டுல யாருக்காவதா?"

"சும்மாதான். பொது அறிவுக்கு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் வாய்க்குள் ஒரு வாக்கியத்தை உருட்டிக்கொண்டே போனார். 'அக்கா, நான் நெனச்சது தப்பு, சாப்பிடு.' சின்ன வாக்கியம். வழியில் ரொட்டிக் கடையில் நின்று ஒரு ரொட்டிகூட வாங்கினார். அந்த நேரத்தில் அவரை நிறுத்தி ஒரு மாலை போட்டிருக்கலாம். வாழ்க்கையில் அவர் அதற்கு லாயக்காக இருந்தது அந்தக் கால்மணி நேரம்தான்.

முன்னறையில் சித்தப்பாவின் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். கூடவே இன்னும் இருவர், புதுசு. இவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றார்கள்!

"இவர்தான். டாக்டருங்களுக்கே தெரியாத விஷயம் இவருக்குத் தெரியும். அக்காவுக்கு இவரேதான் பாக்குறாரு. எப்படியிருக்காங்க இப்ப?"

பின்னறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். தம்பி கையிலிருந்த பையில் ரொட்டி வாசனை. அவள் மூக்கு விரிந்தது. தம்பி வாயைத் திறந்தார். அந்தச் சின்ன வாக்கியம் பல்லுவரை வந்தது. எதிரே மூன்று முகங்கள் பக்தியோடு நிமிர்ந்திருந்தன.

"நல்ல முன்னேற்றம்" என்றார். "இனிமே இன்னும் கொஞ்சம் கடுமையாக்கணும்."

ரொட்டியை வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

அடுத்த முறை எடை பார்க்கப் போனபோது வளையங்கள் கூடியிருந்தன. அக்காவால் அவற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. தம்பி தோளைப் பிடித்துக்கொண்டே எந்திரத்தில் ஏறினாள். முள் ஒழுங்காக நின்றது. அறுவை டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"சபாஷ். நான் முதல் நாளே உங்க தம்பிகிட்டச் சொன்னேன், நல்லா சாப்பிடச் சொல்லுங்க, எடை குறைஞ்சா கத்தி எடுக்க மாட்டேன்னு. நல்லாவே பாத்துக்கிட்டாரு. அடுத்த வாரம் தேதி வச்சுடலாமா?"

அக்கா திரும்பினாள். தம்பியின் முதுகைப் பார்த்தாள். அவர் அப்போது சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தை அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார். கழுத்து சட்டைக்குள் இழுபட்டிருந்தது. இப்படி எத்தனை முதுகை அவள் பார்த்திருக்கிறாள்!

"டாக்டர், சாப்பிடச் சொன்னீங்களா?"

"ஆமா. சோறு, முட்டை, இனிப்பு. ஏன்?"

அவள் முந்தானையை ஒதுக்கி முடிச்சை அவிழ்த்தாள். முதல் வளையத்தை மேசைமேல் வைத்தாள். ணங். இரண்டாவதை வைத்தாள். பேனா ஸ்டாண்டு குலுங்கியது. எல்லாவற்றையும் அடுக்கிவைத்துவிட்டு மறுபடி எந்திரத்தில் ஏறினாள். முள் பாதிவழியில் சோர்ந்து நின்றது.

"இவ்வளவுதான் டாக்டர் டிக்கெட் எடுத்தது. மிச்சமெல்லாம் கள்ளப் பயணம்."

டாக்டர் படியளப்பவரைப் பார்த்தார். படியளப்பவர் கம்பீரத்தைத் திரட்டிக்கொண்டு, "புற்றோட குணம் பத்தி நான் கொஞ்சம்..." என்று தொடங்கினார்.

"வெளிய போய் நில்லுங்க" என்றார் டாக்டர்.

புதிதாகப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி இருந்த இடத்தில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஆனால் ஈரலில் புள்ளிகள். குடலைச் சுற்றிய சவ்வில் விதைத்தது போல் மணிமணியாக. அது கிளம்பிவிட்டிருந்தது.

"பரவினதுக்குப் பட்டினிதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். சும்மாவும் பரவும்" என்றார் டாக்டர் அக்காவிடம். "ஆனா இந்த உடம்புல இனிமே அறுக்க முடியாது. அறுக்கிற நேரம் போயிடுச்சும்மா."

"இப்ப என்ன சாப்பிடலாம் டாக்டர்?"

"எது வேணாலும்."

அக்கா வீட்டுக்கு வந்து துணிப்பையை மட்டும் எடுத்தாள். தம்பி மனைவி வாசலில் கையைப் பிசைந்தாள். "அண்ணி, இது உங்க வீடு. நீங்க ஏன் போகணும்? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"என் வீடுதான். உங்களை வெளிய அனுப்பி, பூட்டு மாத்தி, எல்லாம் பண்ண நேரமில்லம்மா. பசிக்குது."

பக்கத்து வீட்டு மாடியறை திறந்தது. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு முட்டை உடைத்தார். 'இந்த வயசுல இப்படி ஒரு கூத்தா' என்று தெரு பேசியது. அக்கா மேலே ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரு பேசுவதைக் கேட்டுக்கொண்டு, விரல் நுனியால் தட்டை ஒற்றிச் சாப்பிட்டாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கட்டி குடலைப் பாதி அடைத்திருந்தது. காத்திருந்த சாப்பாடெல்லாம் எதிரில் இருந்தது, இறங்கத்தான் வழியில்லை. "முன்னாடி பஸ் இருந்துச்சு, காசில்ல. இப்ப காசிருக்கு, ரோடில்ல" என்று தையல்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். அவருக்குச் சிரிக்க வரவில்லை.

படியளப்பவர் ஒருநாள் கேக் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப்போனார். அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உனக்குத் தெரிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?"

"எது?"

"தப்புன்னு."

அவர் கேக் பெட்டியின் கயிற்றை அவிழ்ப்பதில் முனைந்தார்.

"ரொட்டி வாங்கிட்டு வந்தியே, அன்னைக்கேவா?" என்றாள் அவள். "சரி, கயிறை விடு. எனக்குப் படியளக்க நீ வர வேண்டாம். உனக்கு அது ஆகாது. உன் பிள்ளைங்களுக்கு ஊத்து. அதுல நீ கெட்டிக்காரன்."

வயிற்றில் நீர் கோத்தது. ஊசி வைத்து வடித்தார்கள். அந்த நீரில் அவளுடைய புற்றுச்செல்கள் கொத்துக்கொத்தாக மிதந்தன. ஆராய்ச்சிக்குத் தர விருப்பமா என்று கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் குட்டி டாக்டர். யாருடைய அக்கா என்று அவளுக்கு முதலில் தெரியாது. அக்காதான் சொன்னாள்.

"தாராளமா எடுத்துக்கம்மா. ஒரு கண்டிஷன். என் தம்பி இருக்கான் பாரு, அவன் ரூம்லதான் வைக்கணும். அவன் கையாலதான் ஊத்தணும்."

"அவர் ரொம்ப நல்லா பாத்துக்குவாருங்கம்மா."

"அதான் சொல்றேன். எனக்குத்தான் போடல. அதுக்காவது போடட்டும்."

அக்கா அடுத்த மாதம் இறந்தாள். சாவு வீட்டில் பிணத்தைப் பார்த்தவர்கள் ஒரு குழந்தை படுத்திருப்பது போல் இருக்கிறது என்றார்கள். படியளப்பவர் பாதியில் எழுந்துவிட்டார். "பிள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்றார். அன்று காலைதான், அக்காவிடம் கடைசியாக வடித்த நீரின் செல்களோடு, ஒரு புதுக் குடுவை பெட்டிக்குள் ஏறியிருந்தது. அதன்மேல் ஓர் எண் மட்டும்தான். அவருக்கு எண் தேவைப்படவில்லை.

இன்றைக்கும் அவர் அங்கேதான் இருக்கிறார். முன்னறையில் நாற்காலிகளும் குறையவில்லை. உறவில் யாருக்காவது வயிற்றில் கல் தட்டினால் முதல் போன் அவருக்குத்தான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடுவையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து சித்தப்பாவின் சம்பந்தி கூப்பிட்டார். அவர் மருமகளுக்கு மார்பில் கட்டி. என்ன கொடுக்கலாம், என்ன கூடாது?

படியளப்பவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குடுவையை வெளிச்சத்தில் பார்த்தார். நன்றாக மஞ்சளித்திருந்தது. அக்காவின் செல்கள் மற்ற எதையும்விட வேகமாகத் தின்கின்றன என்று குட்டி டாக்டர் வியந்துபோய்ச் சொல்லியிருந்தாள். ஒரு வேளை ஊற்றாமல் விட்டால் என்ன என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது. பட்டினி போட்டால் அவை என்னவெல்லாம் செய்யும் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"சர்க்கரையை உடனே நிறுத்துங்க" என்றார் போனில். "அதுதான் எல்லாத்துக்கும் மூலம். எங்கக்கா விஷயத்துல பாருங்க, எல்லாம் சரியாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. திருட்டுத்தனமா ரெண்டு மிட்டாய் தின்னாங்க, கைமீறிப் போச்சு."

மறுமுனையில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. அவர் குடுவையைச் சாய்த்து, தலையில் நேராக விழாதபடி, சர்க்கரை கலந்த இளஞ்சிவப்பு நீரை ஓரமாக, நிதானமாக, கழுத்துவரை ஊற்றினார்.